சிப்பாங் வழி

கருணாகரனுக்கு டெலிபோனில் பேச வராது. மலாக்கா டெலிபோன் ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த மனிதர். ரிசீவரைக் காதில் வைத்தால் மூன்று வார்த்தைக்கு மேல் எழும்பாது. நல்லவேளையாக அவருடைய வேலை பேசுவது அல்ல. அவருடைய வேலை அட்டைகள்.

நூற்று நாற்பத்திரண்டு அட்டைகள், நீளமான இரண்டு மர இழுப்பறைகளில். ஒரு அட்டைக்கு ஒரு ஊர் எக்ஸ்சேஞ்ச். மேலே ஊரின் பெயர். கீழே, அந்த ஊரிலிருந்து எந்தெந்த ஊருக்கு நேர்க்கம்பி போகிறது, எத்தனை ஜோடி என்ற விவரம். எல்லாம் அவருடைய கையெழுத்து. அச்சடித்ததைப் போல நேராக இருக்கும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், வெளியூர் இணைப்பு போடும் டிரங்க் போர்டிலிருந்து அவருக்குச் சீட்டு வரும்: இன்ன ஊருக்கு வேறு வழி உண்டா? அவர் மலாக்கா அட்டையை எடுப்பார். அதில் எழுதியிருக்கும் ஊர்களின் அட்டைகளை எடுத்து மேஜையில் பரப்புவார். அவற்றில் எழுதியிருக்கும் ஊர்களை எடுப்பார். கேட்ட ஊர் வரும்வரை இப்படியே போவார். நான்கு கம்பிகளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் குரல் கொஞ்சம் தேயும். அதற்கு மேல் நீட்டினால் மறுமுனையில் மூச்சு மட்டுந்தான் கேட்கும். பத்து நிமிஷத்தில் வழியை எழுதி அனுப்பிவிடுவார். அந்த வழியில் யார் யாரோடு என்ன பேசினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

குடியிருந்தது காஜா பேராங்கில், ஒரு செட்டி வீட்டின் பின்னறையில். வீட்டுக்காரர்கள் மாரியம்மனைக் கும்பிடுவார்கள், விபூதி பூசுவார்கள், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்ததில் பேசுவது மட்டும் மலாய். தமிழில் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் அவர் ஆபீஸுக்குத்தான் போக வேண்டும். ஆபீஸிலும் அட்டைகளோடுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்காமல் கழிந்துவிடும். திங்கட்கிழமை காலையில் முதல் வார்த்தை கரகரத்துக்கொண்டு வரும்.

அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு அக்கா, அன்னபூரணி. பன்னிரண்டு வயது மூத்தவள். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து மலேரியாவில் போனபோது அவருக்கு ஏழு வயது. அவளுடைய பால்வாளிதான் அவரை மலாக்கா இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தது. அவளுடைய புருஷன் அப்பாசாமியை ஜப்பான்காரன் சயாம் ரயில் போடக் கொண்டுபோனான், ஆள் திரும்பவில்லை. பிள்ளை கிடையாது. ஆக அவளுக்கும் அவரை விட்டால் ஆளில்லை.

1956 ஜனவரியில், பொங்கலுக்கு அவர் தோட்டத்துக்குப் போயிருந்தார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறார்கள், அடுத்த மாதம் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அன்னபூரணி சொன்னாள். ஊரில் அப்பாசாமியின் தம்பி வந்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறாராம். தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ கிராமம். அவள் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. சொல்லிவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவள் எந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. இருப்பது ஒற்றை அறை, அடுத்தவர் வீடு. காரணம் அது மட்டுமில்லை. ரப்பர்ப் பால் வாடையடிக்கும் சேலையோடு அக்கா ஆபீஸ் வாசலில் வந்து நிற்பதாக ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். கூசியது. இதை அவர் பின்னாளில் யாரிடமும் மறைத்ததில்லை.

“உனக்கு எது நல்லதுன்னு படுதோ செய்யிக்கா” என்றார்.

அன்னபூரணி சிரித்தாள். “ஆமா. நீ உன் அட்டைப் பொட்டியவே கட்டிக்கிட்டு இரு. அதுவும் வாயத் தெறக்காது, நீயும் தெறக்க மாட்ட. நல்ல பொருத்தம்.”

அவருக்குக் கோபம் வந்தது. பொங்கலைத் தொடாமல் எழுந்து பஸ் ஏறிவிட்டார்.

பிப்ரவரி பதினெட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கடிதம் வந்தது. தோட்டத்து ஆபீஸ் கிராணியின் கையெழுத்து. எழுத்து வாசனை இல்லாத அன்னபூரணி சொல்லச் சொல்ல அவர்தான் எப்போதும் எழுதுவார். திங்கட்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல். அன்று இரண்டு மணிவரை கிள்ளானில் சிதம்பரநாதன் மளிகைக் கடையில் இருப்பேன். கடையில் டெலிபோன் உண்டு. கிள்ளான் 284.

அவ்வளவுதான். போகிற ஊரின் முகவரி இல்லை. டெலிபோனைத் தொட்டே பார்க்காத அக்கா, நம்பரைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள். அது எதற்கென்று அவருக்கு விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறியிருந்தால் நேரில் பார்த்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீம்பு இருந்தது. பொழுது சாய்ந்தபோது வீம்பு போயிற்று, பஸ்ஸும் போயிற்று. திங்கட்கிழமை லீவு கிடையாது. ஆபீஸில் ஒருவருக்கும் கிடையாது. லண்டனுக்குப் பேசப் போன தலைவர்கள் திரும்பிவந்து, மலாயாவுக்குச் சுதந்திரம் எந்த நாள் என்று அன்றைக்கு மலாக்காத் திடலில்தான் சொல்லப்போகிறார்கள். தந்தி கொடுக்கலாமா என்று யோசித்தார். தோட்டத்து ஜனங்களுக்குத் தந்தி வந்தால் சாவு என்று அர்த்தம். அதைக் கையில் வாங்கிய நிமிஷமே அக்கா உட்கார்ந்துவிடுவாள். அதோடு, ஒரு மாதத்துக்கு முன்னால் முகத்துக்கு நேரே சொல்லாததை இப்போது காகிதத்தில் சொன்னால் நம்பவும் மாட்டாள். குரல் வேண்டும். சொல்ல வேண்டியதை அவர் ஆபீஸுக்கு நடக்கும்போதே அளவாக்கி வைத்துக்கொண்டார். அக்கா, போகாத. இங்க வந்துடு. வேற வீடு பாக்குறேன்.

டிரங்க் போர்டில் ருக்மணி இருந்தார். கான்வென்டில் படித்த, வாய் ஓயாத பெண்மணி. போர்டு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிற கம்பிகளையெல்லாம் பத்திரிகைக்காரர்கள் அவசரக் கட்டணத்தில் பிடித்துவைத்திருந்தார்கள். கிள்ளானுக்குப் போகிற வழி கோலாலம்பூர் வழிதான்.

“உங்க கால் முப்பத்தொண்ணாவது நம்பர்” என்றார் ருக்மணி. “மூணு மணிக்குக் கெடைச்சாலே பெரிசு லா.”

இரண்டு மணிக்குள் வேண்டும் என்றார் கருணாகரன். ஏன் என்று கேட்டார் ருக்மணி. சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பெண்மணியிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். ருக்மணி ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஊருக்கெல்லாம் வழி எழுதிக் குடுக்கிறீங்க. உங்களுக்கு ஒண்ணு எழுதிக்கிட்டு வாங்க. கோலாலம்பூர் பக்கமே போகாத வழியா இருக்கணும். நான் போட்டுத் தர்றேன். யாரு கேக்கப் போறா?”

மணி பதினொன்று. அட்டை அறைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தார்.

அந்த அட்டைகளில் ஒரு விதி இருந்தது. விதியைப் போட்டவரும் அவரே. முன்பெல்லாம் ஒரு கம்பியை அதன் இரண்டு முனை ஊர்களின் அட்டைகளிலும் எழுதி வந்தார்கள். ஒன்றைத் திருத்துவார்கள், மற்றதை மறந்துவிடுவார்கள். ஒரு அட்டை மூன்று ஜோடி என்கும், இன்னொன்று இரண்டு என்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கருணாகரன் ஒரு யோசனை சொன்னார்: ஒரு கம்பியை ஒரே ஓர் இடத்தில் எழுதுவோம். எந்த ஊர்க்காரர்கள் அதைப் பழுது பார்க்கிறார்களோ அந்த ஊரின் அட்டையில் மட்டும். தலைமை எழுத்தர் பொன்னுதுரை, யாழ்ப்பாணத்துக்காரர், யாரையும் லேசில் பாராட்டாதவர், அன்றைக்கு முதுகில் தட்டினார். மலாக்காவைச் சுற்றியிருக்கும் கம்பிகளையெல்லாம் மலாக்காக்காரர்கள்தான் பழுது பார்த்தார்கள். அதனால் இங்கிருந்து தேடிப் போனால் ஒரு குறையும் தெரியவில்லை.

தம்பின் வழியாக உள்நாட்டுக்குள் போய்ப் பார்த்தார். பஹாவ் அட்டையை எடுத்தார். அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் சிரம்பான், சிரம்பானை விட்டால் கோலாலம்பூர். கடற்கரைப் பக்கம் வந்தார். மலாக்காவிலிருந்து போர்ட்டிக்சன், ஒரு கம்பி. போர்ட்டிக்சனிலிருந்து சிப்பாங், இரண்டாவது கம்பி. சிப்பாங் பாதி வழி. சிப்பாங் அட்டையை உருவினார்.

காலி. தலைப்பில் ஊரின் பெயர், கீழே வெறும் கோடுகள்.

வழி அங்கே முடிந்தது என்று எடுத்துக்கொண்டார். மறுபடி தம்பின், மறுபடி சிரம்பான். மேஜை முழுக்க அட்டையாயிற்று. பொன்னுதுரை கதவில் வந்து நின்றார்.

“என்ன காணும், ஊர் முழுக்கத் திடலிலை நிக்குது. நீர் மட்டும் இங்கை பெட்டியோட குடும்பம் நடத்துறீர்.”

அவர் ஏதோ முனகினார். பொன்னுதுரை போய்விட்டார். திடலின் ஒலிபெருக்கி காற்று திரும்பும்போது மட்டும் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை, ஆரவாரம் மட்டும் வந்தது. ஒரு தரம் அது வெகுநேரம் நிற்காமல் நீண்டது. கட்டடத்தில் இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் ஓடினார்கள். அவர் அப்போது கெமாஸ் அட்டையில் இருந்தார்.

ஒன்றே முக்காலுக்குக் கைவிட்டார். இனி ஒன்றுமில்லை என்று அட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். கை தானாக இங்கிலீஷ் எழுத்து வரிசையில் போட்டுக்கொண்டிருந்தது. பஹாவ் அட்டையை அதன் இடத்தில் செருகினார். அதற்குப் பின்னால் நின்றது பந்திங். கிள்ளானுக்கு அடுத்த ஊர். அந்த அட்டையில் அவருடைய நேரான கையெழுத்தில் இரண்டு வரி:

கிள்ளான், இரண்டு ஜோடி.
சிப்பாங், ஒரு ஜோடி.

கம்பி இருந்தது. எப்போதும் இருந்தது. அதைப் பழுது பார்ப்பவர்கள் பந்திங்காரர்கள். ஆகவே பந்திங்கில் எழுதியிருந்தார், சிப்பாங்கில் எழுதவில்லை. இந்தப் பக்கமிருந்து போனவருக்கு அது தெரியாது. பந்திங்கிலிருந்து யாராவது தேடியிருந்தால் இந்தப் பக்கம் சிப்பாங், அந்தப் பக்கம் கிள்ளான் என்று ஒரே அட்டையில் பார்த்திருப்பார்கள். மலாக்கா, போர்ட்டிக்சன், சிப்பாங், பந்திங், கிள்ளான். நான்கு கம்பி. கணக்காக நான்கு.

சீட்டு எழுத நேரமில்லை. டிரங்க் போர்டுக்கு ஓடி வாயால் சொன்னார். அவர் ஓடி அந்த ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை.

ருக்மணி செருகினார். போர்ட்டிக்சன் உடனே வந்தது. சிப்பாங் வரவில்லை. அங்கே போஸ்ட் ஆபீஸில் ஒரே ஆள்தான் எல்லாம்; சாப்பாட்டு நேரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கருணாகரன் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ருக்மணியின் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிப்பாங்காரர் வந்தார். பந்திங் வந்தது. கிள்ளான் வந்தது. ருக்மணி எழுந்து அவருக்கு இடம் விட்டு, ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார். மணி இரண்டு பத்து.

மறுமுனையில் யாரோ பேசினார்கள். ஆண் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. இவர் பேசியதும் அங்கே கேட்கவில்லை. இப்படி ஆகும்போது நடுவில் இருக்கிற ஆபரேட்டர் வாங்கிச் சொல்வது வழக்கம். பந்திங் ஆபரேட்டர் ஒரு மலாய்க்காரர். நல்ல தெளிவான குரல். அவர் கடைக்காரரிடம் மலாயில் பேசச் சொன்னார். கடைக்காரர் சொன்னதை வாங்கி இந்தப் பக்கம் மலாயில் திருப்பிச் சொன்னார்.

கடைக்காரரின் பெயர் சிதம்பரநாதன். அந்த அக்கா காலையிலிருந்து காத்திருந்தார். “துங்கு டாரி பாகி” என்று அதைத்தான் மலாயில் சொன்னார். டெலிபோன் பக்கத்து ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். டெலிபோன் கெட்டுப்போயிருக்கிறதா என்று இரண்டு தரம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். மலாக்காவுக்கு அவரே ஒரு கால் கேட்கச் சொன்னார். கேட்டோம், கோலாலம்பூர்க் கம்பி கிடைக்கவில்லை. இப்போதுதான், பத்து நிமிஷம் ஆகியிருக்கும், எல்லாரையும் ஏற்றிக்கொண்டு லாரி துறைமுகத்துக்குப் போயிற்று.

அக்காவைப் பற்றிய செய்தி இப்படி, முன்பின் அறியாத ஒருவரின் குரலில், மலாயில் வந்தது. அவர் பின்னாளில் அதை நினைக்கும்போதும் மலாயில்தான் நினைத்தார். தமிழில் சொல்லிப் பார்த்தால் அது நடந்த மாதிரி இருக்காது என்பார்.

அதோடு முடியவில்லை. கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். கப்பல் நான்கு மணிக்குத்தான் கிளம்பும். என்னிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துறைமுகத்துக்குப் போய்ச் சொல்கிறேன். என்ன சொல்ல?

“என்ன சொல்ல வேண்டும், என்சே?” என்று மரியாதையாகக் கேட்டார் பந்திங் ஆபரேட்டர். சிப்பாங் ஆபரேட்டர் மூச்சுவிடுவது கேட்டது. பக்கத்தில் ருக்மணி நின்றுகொண்டிருந்தார்.

வார்த்தை தயாராக இருந்தது. தமிழில் இருந்தது; அக்காவின் காதுக்காக இருந்தது. அதை இப்போது மலாயில் பந்திங்காரரிடம் சொல்ல வேண்டும். அவர் கடைக்காரரிடம் சொல்வார். கடைக்காரர் துறைமுகக் கூட்டத்தில் அக்காவைத் தேடிப் பிடித்து எல்லார் முன்னாலும் சொல்வார். போகாதே என்பதற்கு மலாயில் இரண்டே வார்த்தை. காஜா பேராங்கில் குழந்தைகளை வீட்டுக்காரி நாளைக்கு நாற்பது தரம் அதட்டுகிற வார்த்தைகள். அவருக்கு வரவில்லை. நாக்கு புரண்டது, வேறொன்று வந்தது. மலாயில் யாரை வழியனுப்பினாலும் யோசிக்காமல் சொல்வது.

“சலாமாட் ஜாலான்” என்றார்.

நல்லபடியாகப் போய் வரச் சொல்லுங்கள். பந்திங் ஆபரேட்டர் அதை அப்படியே அந்தப் பக்கம் சொன்னார். கடைக்காரர் சரி என்றாராம். ருக்மணி அவரைப் பார்த்துவிட்டுச் செருகியை உருவினார். முகவரி கேட்கவில்லை என்பதே கருணாகரனுக்கு அட்டை அறைக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் முதல் அவர் அட்டைகளைத் திருப்பி எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு கம்பியையும் இரண்டு ஊர்களின் அட்டையிலும். பதினோரு வாரம் பிடித்தது. பொன்னுதுரைக்குக் கோபம், நீர் போட்ட விதியை நீரே குழப்புறீர், ஒன்றைத் திருத்தினால் மற்றதை யார் திருத்துவது என்று கேட்டார். நான் திருத்துகிறேன் என்றார் கருணாகரன். இருபத்தேழு வருஷம் திருத்தினார். கேட்டவர்களிடம் அட்டையில்தான் பிழை என்று சொல்லிவந்தார். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி மல்லிகாவிடம் ஒரே ஒரு தரம் வேறு மாதிரி சொன்னார்: வழி கிடைத்தது, நான்தான் சொல்லவில்லை.

கப்பல் கம்பெனிக்கு எழுதினார். டெக்கில் போகும் மலிவு டிக்கெட் பயணிகளுக்கு இறங்கும் துறைமுகம் மட்டுந்தான் பதிவு என்று பதில் வந்தது: நாகப்பட்டினம். தோட்டத்துக் கிராணி ஜொகூருக்குப் போய்விட்டிருந்தார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. சிதம்பரநாதனைப் பார்க்க அவர் கிள்ளானுக்கே போனார். அன்றைக்குத் துறைமுகத்துக்குப் போனதாகவும், சொல்லிவிட்டதாகவும் கடைக்காரர் சொன்னார். அந்த அக்கா என்ன சொன்னார் என்று கேட்டார் கருணாகரன். ஒன்றும் சொல்லவில்லை, தலையை ஆட்டிவிட்டு ஏணியில் ஏறினார் என்றார் கடைக்காரர்.

இனித் தேட அவரிடம் எதுவும் இல்லை. தேட முடிந்தால் அக்கா தேட வேண்டும். அவள் பக்கம் இருப்பது ஒரே முகவரி: கிராணி கடிதம் எழுதும்போதெல்லாம் உறையின் மேல் எழுதிய காஜா பேராங் வீடு. அந்த முகவரி எழுதிய ஏதாவது துண்டுக் காகிதத்தை அவள் மூட்டையில் எடுத்துப் போனாளா, லயத்தைக் கூட்டும்போது விட்டுவிட்டாளா, அவருக்குத் தெரியாது. எடுத்துப் போயிருந்தால் அந்த முகவரியில் ஆள் இருக்க வேண்டும்.

இருந்தார். கோலாலம்பூருக்குப் பதவி உயர்வு வந்தது, வேண்டாம் என்றார். சிரம்பானுக்கு வந்தது, வேண்டாம். புக்கிட் பாருவில் புது வீடுகள் கட்டினார்கள். ஆபீஸ் நண்பர்களெல்லாம் போனார்கள். மல்லிகா கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள், பிறகு விட்டுவிட்டாள். வீட்டுக்காரர்கள் செமாபோக்குக்குக் குடிபோனபோது முழு வீட்டையும் அவரே எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் நான்கு பேரும் அந்த வீட்டிலேயே வளர்ந்தார்கள். தபால்காரர் மாறும்போதெல்லாம் அவர் வாசலில் நின்று தன் பெயரைச் சொல்லுவார். வேறெதுவும் பேசமாட்டார். ஓய்வு பெற்ற பிறகு காலை பத்தரை மணிக்கு எங்கும் போகமாட்டார், தபால் வரும் நேரம். கடிதங்கள் வந்தன. அந்தக் கடிதம் வரவில்லை.

போன கார்த்திகையில் இறந்தார், எழுபத்து நான்கு வயதில். அன்னபூரணி இருந்தால் அவளுக்கு எண்பத்தாறு. வீட்டை இடிக்கப் போகிறோம், தை முடிவதற்குள் காலி செய்து கொடுங்கள் என்று உரிமையாளர் கேட்டிருக்கிறார். நியாயமான மனிதர், இரண்டு தரம் தவணை கொடுத்தார். சாமான்களெல்லாம் போய்விட்டன. பிள்ளைகளில் ஒருவர் இன்னும் தினமும் பத்தரை மணிக்கு வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.